கல்யாணத்துக்கு முன்பா, பின்பா? அமெரிக்காவில் அரசு ஆதரவுக் கடனில் ஜோடியாக வீடு வாங்க ஒரு வழிகாட்டி

அமெரிக்காவில் வீடு வாங்கக் கிளம்பும் ஜோடிகள் வட்டி விகிதத்தை நாள் தவறாமல் பார்க்கிறார்கள். கல்யாணத் தேதியும் செலவைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும் என்பது பலருக்கு லோன் ஆபீசர் எதிரே உட்கார்ந்த பிறகுதான் தெரிய வருகிறது. அரசு ஆதரவுள்ள வீட்டுக் கடன்களில் முக்கியமானவை மூன்று. ஒன்றில், கையெழுத்துக்கு முன்னால் கல்யாணம் முடிந்திருந்தால் பெரிய லாபம். இன்னொன்றில், சில மாநிலங்களில், கல்யாணம் முடிந்திருந்தால் தொல்லை வரலாம். மூன்றாவது, தகுதி பார்க்கும்போது கல்யாணத்தைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை; அந்த வீட்டில் யார் யார் குடியிருக்கப் போகிறார்கள் என்றுதான் கேட்கும்.

ஆகவே முகூர்த்தம் குறிப்பதற்கும் வீட்டுக்கு ஆஃபர் போடுவதற்கும் முன்னால் இருவரும் உட்கார்ந்து பேச வேண்டியவை கொஞ்சம் இருக்கின்றன.

மூன்று கடன்கள், சுருக்கமாக

அரசு ஆதரவு என்றால் அரசே பணம் தருகிறது என்று அர்த்தமில்லை. கொடுப்பது வங்கியோ மார்ட்கேஜ் நிறுவனமோதான். நீங்கள் கட்டாமல் போனால் அவர்களுக்கு வரும் நஷ்டத்துக்கு அரசு காப்பீடோ உத்தரவாதமோ தருகிறது. அந்தத் தைரியத்தில்தான் குறைந்த முன்பணத்துக்குக் கடன் கிடைக்கிறது. மூன்றுமே நீங்கள் குடியிருக்கப் போகும் வீட்டுக்கு மட்டும். வாடகைக்கு விடுவதற்காக வாங்கும் வீட்டுக்குக் கிடையாது.

எஃப்ஹெச்ஏ (FHA) என்பது வீட்டுக் கடனுக்குக் காப்பீடு தரும் மத்திய அரசு அமைப்பு, 1934-ல் தொடங்கியது. கடனை ஒழுங்காகக் கட்டும் பழக்கத்துக்கான மதிப்பெண்ணான கிரெடிட் ஸ்கோர் 580 இருந்தால் 3.5 சதவீத டவுன் பேமென்ட், அதாவது முன்பணம், போதும். 500 முதல் 579 வரை என்றால் 10 சதவீதம். இதில் இன்சூரன்ஸ் இரண்டு அடுக்கு: தொடக்கத்தில் கடன் தொகையில் 1.75 சதவீதம், அப்புறம் பெரும்பாலானோருக்கு ஆண்டுக்கு 0.55 சதவீதம். 4 லட்சம் டாலர் வீட்டுக்கு முன்பணம் 14,000 டாலர், தொடக்க இன்சூரன்ஸ் 6,755 டாலர் (இதைக் கடனிலேயே சேர்த்துவிடலாம்), பிறகு மாதத் தவணையோடு சுமார் 177 டாலர். 10 சதவீதத்துக்குக் குறைவாக முன்பணம் கட்டியவர்களுக்கு இந்த ஆண்டு இன்சூரன்ஸ் கடன் முடியும்வரை தொடரும்.

விஏ, அதாவது முன்னாள் ராணுவத்தினர் துறையின் (VA) கடன், ராணுவத்தில் பணிபுரிந்தவர்களுக்கும் பணியில் இருப்பவர்களுக்கும். இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்காக 1944-ல் வந்த சட்டத்தில் பிறந்தது. டவுன் பேமென்ட் வேண்டாம், மாதாந்தர இன்சூரன்ஸும் கிடையாது. முன்பணம் எதுவும் போடாமல் முதல் முறை வாங்கினால் கடனில் 2.15 சதவீதம் ஃபண்டிங் ஃபீ என்ற ஒரு முறைக் கட்டணம் உண்டு. பணியால் வந்த ஊனத்துக்கு விஏ இழப்பீடு பெறுபவர்களுக்கு அதுவும் தள்ளுபடி.

யுஎஸ்டிஏ, அதாவது வேளாண் துறையின் (USDA) கடன், கிராமப்புறத்துக்கும் சின்ன ஊர்களுக்கும். பெரிய நகரத்தை ஒட்டிய சில இடங்களும் இதற்குத் தகுதியான பகுதிகளின் வரைபடத்தில் வருவது உண்டு. பார்க்காமல் ஒதுக்கிவிட வேண்டாம். முன்பணம் இல்லை. தொடக்கத்தில் 1 சதவீதம், ஆண்டுக்கு 0.35 சதவீதம். ஆனால் வருமான உச்சவரம்பு உண்டு: அந்தப் பகுதியின் இடைநிலை வருமானத்தில் 115 சதவீதம்.

படி 1: விசா நிலையைப் பாருங்கள்

நம் மக்களுக்கு இதுதான் முதல் கதவு. 2025 மே 25 முதல் அமெரிக்கக் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ (கிரீன் கார்டு) இல்லாதவர்களுக்கு எஃப்ஹெச்ஏ கடன் நிறுத்தப்பட்டுவிட்டது. ஹெச்-1பி, எல்-1 போன்ற தற்காலிக வேலை விசாவில் இருப்பவர் இப்போது அதில் கடனாளியாக இருக்க முடியாது. "என் நண்பர் ஹெச்-1பியில் எஃப்ஹெச்ஏ வாங்கினாரே" என்றால், அவர் அதற்கு முன்னால் வாங்கியவர். கிரீன் கார்டு இருப்பவருக்குத் தடை இல்லை. யுஎஸ்டிஏ கடனும் தற்காலிக வேலை விசாவுக்குக் கிடையாது.

இருவருமே வேலை விசா என்றால் அரசு ஆதரவு இல்லாத கன்வென்ஷனல் கடன்தான் வழி. ஒருவர் கிரீன் கார்டு அல்லது குடியுரிமை, மற்றவர் ஹெச்-1பி அல்லது அவர்களின் துணைக்கான ஹெச்-4 விசா என்றால், முதலாமவர் தனியாகக் கடன் வாங்கலாம். மற்றவரின் சம்பளம் கணக்கில் வராது. ஆனால் சில மாநிலங்களில் அவருடைய கடன் மட்டும் கணக்கில் வரும். அதைப் படி 3-ல் விரிவாகப் பார்ப்போம், ஏனென்றால் அந்தச் சில மாநிலங்களில்தான் தமிழர்களில் நிறையப் பேர் இருக்கிறோம்.

படி 2: சட்டப்படி உங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா?

சிரிக்க வேண்டாம், இது நிஜமான கேள்வி. விண்ணப்பத்தில் மூன்று பதில்தான் உண்டு: மணமானவர், மணமாகாதவர், பிரிந்து வாழ்பவர். நிச்சயதார்த்தம் ஆனவர் கடன் கொடுப்பவர் பார்வையில் மணமாகாதவர்தான். அமெரிக்காவில் கவுன்டி (மாவட்ட) அலுவலகத்தில் கல்யாண லைசென்ஸ் எடுத்துக் கல்யாணத்தை முடித்துவிட்டு, கோயில் கல்யாணத்தை ஆறு மாதம் கழித்து ஊரில் வைத்திருப்பவர்கள் ஏற்கெனவே மணமானவர்கள். ஊரில் தாலி கட்டி முறையாகக் கல்யாணம் செய்துவிட்டு, பதிவுச் சான்றிதழ் இன்னும் வாங்கவில்லை என்பவர்களும் மணமானவர்களே. இந்து திருமணச் சட்டத்தில் பதிவு இல்லாததால் கல்யாணம் செல்லாமல் போவதில்லை. அங்கே செல்லுபடியான கல்யாணத்தை இங்கேயும் பொதுவாக ஏற்றுக்கொள்வார்கள்.

டெக்சாஸில் இருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை. கணவன் மனைவியாக இருக்க ஒப்புக்கொண்டு, அந்த மாநிலத்தில் சேர்ந்து வாழ்ந்து, வெளியிலும் அப்படியே சொல்லிக்கொண்டால், சடங்கு எதுவும் இல்லாமலே அது சட்டப்படி கல்யாணமாகிவிடலாம். வசதிக்குத் தகுந்தபடி ஒரு இடத்தில் ஒன்று, இன்னொரு இடத்தில் வேறொன்று என்று எழுதாதீர்கள். வீட்டுக் கடன் விண்ணப்பத்தில் தெரிந்தே பொய் சொல்வது மத்திய சட்டப்படி குற்றம்.

இன்னொரு பக்கம், கல்யாணம் ஆகவில்லை என்பதற்காக யாரும் உங்களைத் தட்டிக்கழிக்கக் கூடாது. 1974-ன் சம கடன் வாய்ப்புச் சட்டம் மண நிலையை வைத்துப் பாகுபாடு காட்டுவதைத் தடை செய்கிறது. எப்போது கல்யாணம், எப்போது குழந்தை என்ற கேள்விகளை அத்தையும் மாமியும் கேட்கலாம். குழந்தை பெற்றுக்கொள்ளும் திட்டத்தைக் கேட்க லோன் ஆபீசருக்கு உரிமை இல்லை.

படி 3: தேதியைக் கடனுக்குப் பொருத்துங்கள்

விஏ என்றால் குளோசிங்குக்கு (கடைசிக் கையெழுத்துப் போட்டு வீடு கைமாறும் நாள்) முன் கல்யாணம். காரணம் இது: ராணுவத்தில் இருந்தவரும், ராணுவத்தில் இல்லாத, மணமாகாத துணையும் சேர்ந்து கடன் வாங்கினால் விஏ அதை ஜாயின்ட் லோன் என்று பார்க்கும். வீரருடைய பாதிக்கு மட்டும்தான் அரசு உத்தரவாதம். மறுபாதிக்கு உத்தரவாதம் இல்லாததால் கடன் கொடுப்பவர் அந்த இடைவெளியை முன்பணத்தில் ஈடுகட்டச் சொல்வார். வழக்கமாக அது மொத்த விலையில் 12.5 சதவீதம் வரும். 4 லட்சம் டாலர் வீட்டுக்கு 50,000 டாலர். அதே இருவரும் கணவன் மனைவி என்றால் பூஜ்யம். போதாக்குறைக்கு இந்த ஜாயின்ட் லோனுக்கு விஏவின் முன் அனுமதி வேண்டும்; பல நிறுவனங்கள் இதைத் தொடுவதே இல்லை.

இதில் ஒரு நல்ல சலுகை இருக்கிறது, பலருக்குத் தெரியாது. விண்ணப்பிக்கும்போது நிச்சயம் மட்டும் ஆகியிருந்து, குளோசிங்குக்கு முன் கல்யாணம் செய்து கணவன் மனைவியாகவே உரிமை எழுதிக்கொள்ளப் போகிறீர்கள் என்றால், விஏ உங்களைத் தொடக்கத்திலிருந்தே தம்பதியாகக் கருதும். கல்யாணம் நடந்தாக வேண்டும் என்பதே நிபந்தனை. ஆகவே பேப்பர் வேலையைக் கல்யாணம்வரை நிறுத்தி வைக்க வேண்டியதில்லை. வரிசை மாறாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

குடியிருப்பு விதியிலும் தம்பதிக்குச் சலுகை உண்டு. பணி நிமித்தம் வெளிநாட்டில் இருக்கும் வீரருக்குப் பதிலாக மனைவியோ கணவரோ குடியேறினால் விஏ ஏற்கும். நிச்சயமானவர் குடியேறினால் ஏற்காது.

எஃப்ஹெச்ஏ என்றால் மாநிலத்தைப் பாருங்கள். அரிசோனா, கலிஃபோர்னியா, ஐடஹோ, லூசியானா, நெவாடா, நியூ மெக்சிகோ, டெக்சாஸ், வாஷிங்டன், விஸ்கான்சின் ஆகிய ஒன்பதும் கம்யூனிட்டி ப்ராபர்ட்டி மாநிலங்கள். கல்யாணத்துக்குப் பிறகு சேரும் சொத்தும் கடனும் பொதுவாக இருவருக்கும் உரியவை என்பது அங்கே சட்டம். அதனால் எஃப்ஹெச்ஏவில் கடனில் கையெழுத்தே போடாத மனைவி அல்லது கணவரின் கார் லோன், கிரெடிட் கார்டு, கல்விக் கடன் எல்லாம் உங்கள் கணக்கில் ஏறும். ஸ்கோர் மோசம் என்பதற்காக நிராகரிக்க மாட்டார்கள். மாதத் தவணையை மட்டும் கூட்டுவார்கள்.

டாலஸில் ஒருவருக்கு மாதம் 7,500 டாலர் சம்பளம் என்று வையுங்கள். வீட்டுத் தவணை வரி, இன்சூரன்ஸ் சேர்த்து 2,900, கார் 300. சம்பளத்தில் 43 சதவீதத்துக்குள் வருகிறது. வழக்கமான எல்லையும் 43 சதவீதம்தான். இப்போது கல்யாணம் ஆகிறது. வேலைக்குப் போகாத துணைக்கு 450 டாலர் கார் தவணையும், இன்னும் கட்டத் தொடங்காத 60,000 டாலர் கல்விக் கடனும் இருக்கின்றன. தவணை தொடங்காவிட்டாலும் எஃப்ஹெச்ஏ பாக்கியில் 0.5 சதவீதத்தை மாதத் தவணையாக எடுத்துக்கொள்ளும், அது 300. மொத்தம் 3,950, கிட்டத்தட்ட 53 சதவீதம். கணினி மதிப்பீட்டில் சிலருக்கு இதுவும் தேறிவிடும், ஆனால் ஸ்கோரும் சேமிப்பும் பலமாக இருக்க வேண்டும். இப்படிப்பட்ட ஜோடிக்கு, குளோசிங் முதலில், கல்யாணம் அடுத்த மாதம் என்பது முழுக்கச் சட்டப்படியான, புத்திசாலித்தனமான வரிசை. நியூ ஜெர்சியிலோ ஜார்ஜியாவிலோ இந்தச் சிக்கலே இல்லை.

எதிர்ப்பக்கமும் உண்டு. வருங்காலத் துணை வேறு ஊரில் வேலை பார்க்கிறார், இப்போதைக்கு இந்த வீட்டில் குடியேற மாட்டார், ஆனால் அவர் சம்பளத்தையும் சேர்த்தால்தான் கடன் கிடைக்கும் என்றால், அவர் குடியிருக்காத இணைக் கடனாளி. குடும்பத்தினர் என்றால் 3.5 சதவீத முன்பணமே போதும். குடும்பத்தினர் இல்லை என்றால் 25 சதவீதம் கட்ட வேண்டும். மனைவியும் கணவரும் குடும்பம். டொமெஸ்டிக் பார்ட்னர் (மணமாகாமல் குடும்பமாக வாழும் துணை) என்ற நிலையையும் ஏற்கிறார்கள். வெறும் நிச்சயம் என்றால் வாதாட வேண்டியிருக்கும். இருவரும் ஒரே வீட்டில் இருக்கப் போகிறீர்கள் என்றால் இந்தப் பேச்சே எழாது. மணமாகாத இருவர் தாராளமாகச் சேர்ந்து வாங்கலாம்.

யுஎஸ்டிஏவில் தேதி உதவாது. வருமான வரம்புக்கு அந்த வீட்டில் வாழப்போகும் பெரியவர்கள் எல்லாருடைய சம்பளத்தையும் கூட்டுவார்கள், கடனில் பெயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும். "நாங்கள் இன்னும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதனால் என் சம்பளம் மட்டும்" என்ற வாதம் எடுபடாது. ஐடி சம்பளம் இரண்டு என்றால் பெரும்பாலும் வரம்பைத் தாண்டிவிடும். ஒருவர் மட்டும் சம்பாதிக்கும் வீட்டுக்கு, குறிப்பாகக் குழந்தை இருந்தால், ஒரு முறை கணக்குப் போட்டுப் பார்க்கலாம். குழந்தைக்கும் அதன் பராமரிப்புச் செலவுக்கும் கழிவு உண்டு.

படி 4: யார் கையெழுத்துப் போடுவது?

இரண்டு காகிதங்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. கடன் பத்திரத்தில் இருப்பவர் திருப்பிக் கட்டப் பொறுப்பாளி. டீடில், அதாவது வீட்டின் உரிமைப் பத்திரத்தில், இருப்பவர் வீட்டுக்குச் சொந்தக்காரர். இரண்டிலும் ஒரே பெயர்கள் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. டீடில் மட்டும் இருப்பவருக்குக் கவலை குறைவு. கடனில் மட்டும் இருந்து டீடில் இல்லாதவர்தான் இருப்பதிலேயே மோசமான நிலையில் இருப்பவர்: முப்பது வருடம் கட்டும் பொறுப்பு, ஆனால் ஓர் அடி நிலம் சொந்தமில்லை. காதல் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் கோ-சைனராக மட்டும் கையெழுத்துப் போட நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

இருவர் பெயரும் சேர்ந்தால் கடன் எளிதில் கிடைக்கும் என்று நினைப்பதும் பாதிதான் சரி. கிரெடிட் ஸ்கோர் தரும் மூன்று நிறுவனங்களின் ஸ்கோர்களில் நடுவில் இருப்பதை ஒவ்வொருவருக்கும் எடுத்து, இருவரில் குறைவானதை எஃப்ஹெச்ஏ கணக்கில் வைக்கும். ஒருவர் 760, மற்றவர் 570 என்றால் ஜோடியின் ஸ்கோர் 570, முன்பணம் 3.5-லிருந்து 10 சதவீதத்துக்குத் தாவிவிடும். தனியாளின் சம்பளம் போதும் என்றால் தனியாகவே வாங்குங்கள். ப்ரீஅப்ரூவல் (எவ்வளவு கடன் கிடைக்கும் என்ற முன் ஒப்புதல்) கேட்கும்போது, ஒருவர் மட்டும் என்றால் எவ்வளவு, இருவரும் என்றால் எவ்வளவு என்று இரண்டு கணக்கும் போட்டுத் தரச் சொல்லுங்கள்.

நடுவில் கல்யாணம் வந்தால் லோன் ஆபீசரிடம் உடனே சொல்லிவிடுங்கள். பெயர் மாற்றத்தை மட்டும் குளோசிங் முடியும்வரை தள்ளிப்போடுவது நல்லது; பாஸ்போர்ட்டில் ஒன்று, சம்பளச் சீட்டில் ஒன்று, டிரைவிங் லைசென்ஸில் ஒன்று என்றால் கடைசி வாரத்தில் அலைச்சல்.

படி 5: முன்பணம் எங்கிருந்து?

எஃப்ஹெச்ஏவில் முன்பணம் முழுவதும் அன்பளிப்பாக வரலாம். அப்பா அம்மா, மாமனார் மாமியார் தரலாம். நெருங்கிய நண்பரும் தரலாம், உறவை விளக்கினால் போதும். திருப்பித் தர வேண்டியதில்லை என்று அன்பளிப்புக் கடிதமும், அவர்கள் கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்கு வந்த தடமும் வேண்டும். இந்தியாவிலிருந்து பெற்றோர் அனுப்புவதாக இருந்தால் ஒருவருக்கு ஒரு நிதியாண்டில் 2.5 லட்சம் டாலர்வரை வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கான ரிசர்வ் வங்கியின் எல்ஆர்எஸ் திட்டத்தில் அனுமதி உண்டு. குளோசிங்குக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே பணம் வந்து சேர்ந்துவிட்டால் கேள்விகள் குறையும்.

மொய்ப் பணம்தான் சிக்கல். ரொக்கமாக வந்த கவர்களை மொத்தமாக வங்கியில் போட்டால், இது எங்கிருந்து வந்தது என்று அண்டர்ரைட்டர் (கடன் விண்ணப்பத்தைச் சரிபார்ப்பவர்) கட்டாயம் கேட்பார். கொடுத்தவரின் கையிருப்பு ரொக்கம் என்ற விளக்கத்தை அன்பளிப்புக்கு எஃப்ஹெச்ஏ ஏற்பதில்லை. செக்காகவோ வங்கி மாற்றாகவோ வாங்கப் பாருங்கள். ரொக்கத்தை மண்டபச் செலவுக்கும் தேனிலவுக்கும் வைத்துக்கொண்டு, அந்தச் செலவுக்கென்று வைத்திருந்த வங்கிப் பணத்தை வீட்டுக்குத் திருப்பிவிடுவது சுலபம்.

படி 6: டீடில் எப்படி எழுதுவது?

மணமானவர்களுக்கு மாநிலச் சட்டமே பாதி வேலையைச் செய்துவிடும். மணமாகாதவர்கள் ஒவ்வொன்றையும் எழுதிவைக்க வேண்டும். ஜாயின்ட் டெனன்சி, பிழைத்திருப்பவருக்கு உரிமை என்ற வாசகத்தோடு எழுதினால், ஒருவர் இறந்ததும் வீடு மற்றவருக்கு நேராகப் போகும். டெனன்சி இன் காமன் என்றால் 70-30 என்று பங்கு பிரிக்கலாம். ஆனால் உயில் இல்லாமல் இறந்தால் அவர் பங்கு பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ போகும், துணைக்குப் போகாது. முன்பணத்தை ஒருவர் மட்டும் போட்டிருந்தால் இரண்டாவது வகையும் ஓர் உயிலும், யார் எவ்வளவு போட்டார்கள், பிரிந்தால் யார் யாருடைய பங்கை விலைக்கு வாங்கிக்கொள்வது என்று ஒரு வக்கீல் எழுதிய ஒப்பந்தமும் சேர்ந்திருப்பது நியாயம். கல்யாணத்துக்கு முன்னாலேயே பிரிவதைப் பற்றிப் பேசுவது அபசகுனம் என்று வீட்டில் சொல்வார்கள். பேசுங்கள்.

படி 7: முன்பே வாங்கிவிட்டீர்கள், இப்போது கல்யாணம்

தனியாக வாங்கிய வீட்டில் துணையின் பெயரைச் சேர்க்க நினைத்தால் கல்யாணம்வரை பொறுங்கள். உரிமை கைமாறினால் முழுக் கடனையும் உடனே கட்டு என்று கேட்கும் ஷரத்து பெரும்பாலான கடன்களில் உண்டு. 1982-ன் கார்ன்-செயின்ட் ஜெர்மெய்ன் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் வீட்டில் மனைவியோ கணவரோ உரிமையாளராகச் சேர்ந்தால் அந்த ஷரத்தைப் பயன்படுத்த முடியாது. மணமாகாத துணைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

வரியும் இதே பக்கம்தான் சாய்கிறது. அமெரிக்கக் குடியுரிமை பெற்ற மனைவிக்கோ கணவருக்கோ எவ்வளவு எழுதிக்கொடுத்தாலும் அன்பளிப்பு வரிக் கணக்கு இல்லை. குடியுரிமை இல்லாத துணைவருக்கு 2025-ல் ஆண்டுக்கு 1,90,000 டாலர்வரை. கிரீன் கார்டு இருந்தாலும் இந்த வரம்புதான், நம்மில் பலர் இதைக் கவனிப்பதில்லை. மணமாகாதவருக்கு வெறும் 19,000 டாலர். தாண்டினால் பெரும்பாலும் வரி கட்ட வேண்டியிராது, ஆனால் அன்பளிப்பு வரிக்கான படிவம் 709 தாக்கல் செய்ய வேண்டும்.

டீடில் பெயர் சேர்ப்பதால் அவர் கடனுக்குப் பொறுப்பாளி ஆகிவிட மாட்டார். கடனிலும் சேர்க்க வேண்டுமென்றால், பழைய கடனை முடித்துப் புதுக் கடன் எடுக்கும் ரீஃபைனான்ஸ்தான் வழக்கமான வழி. பழைய வட்டி குறைவாக இருந்தால் அதைக் கலைக்காமல் விட்டுவிடுவதே மேல்.

பிரிந்துவிட்டால் எஃப்ஹெச்ஏ, விஏ இரண்டுக்கும் ஒரு நல்ல குணம் உண்டு: தகுதியுள்ள ஒருவர் அதே வட்டியில் கடனை ஏற்றுக்கொள்ளலாம். வீட்டில் தங்குபவர் அப்படி ஏற்கும்போது, வெளியேறுபவர் தன் பொறுப்பிலிருந்து விடுவிக்கும் கடிதத்தைக் கையில் வாங்காமல் போகக் கூடாது; யார் கட்ட வேண்டும் என்ற விவாகரத்துத் தீர்ப்பு கடன் கொடுத்தவரைக் கட்டுப்படுத்தாது. விஏவில் இன்னும் ஒன்று: முன்னாள் துணை அதே கடனோடு வீட்டை வைத்துக்கொண்டால், அதில் பயன்படுத்திய, விஏ கடன் பெறும் வீரரின் உரிமை அந்தக் கடன் தீரும்வரை அங்கேயே மாட்டிக்கொள்ளும், ஏற்பவரும் ராணுவத்தில் இருந்தவராக இருந்து தன் உரிமையை மாற்றி வைத்தாலொழிய.